சட்டைப் பையில் ஒரு சாவி

மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்ட பிறகும் பழுது பார்க்க வந்த மெக்கானிக் இயந்திரத்துக்குள் கையை விடவில்லை.

திரும்பி வந்து, இயக்கும் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். ஓடவில்லை. அதற்குப் பிறகுதான் கை உள்ளே போனது.

"இரண்டு நிமிட வேலைக்கு இவ்வளவா, அண்ணா?" என்றான் புதிதாகச் சேர்ந்த பையன்.

"உள்ளே இருக்கப்போவது என் கை, தம்பி."

அந்தப் பொத்தானை அழுத்திய நொடிதான் இன்று முழுக்க மனத்தில் நிற்கிறது. அணைத்தால் மட்டும் போதாது. விவரம் தெரியாமல் யாராவது மறுபடி போட்டுவிடலாம். ஐந்து பேர் வேலை செய்தால் அந்தச் சுவிட்சில் ஆளுக்கொன்றாக ஐந்து பூட்டு, ஐந்து சாவி. கடைசி ஆள் வெளியே வரும்வரை மின்சாரம் வராது.

உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 30 லட்சம் பேர் வேலை சார்ந்த விபத்துகளாலும் நோய்களாலும் இறக்கிறார்கள் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு மதிப்பிடுகிறது.

பாதுகாப்பு விதிகளால் உற்பத்தி தாமதமாகிறது என்று நிர்வாகங்கள் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. விபத்து நடந்தால் இயந்திரம் நிற்பது இரண்டு நிமிடமா? விசாரணை, இழப்பீடு, பழகிய கை ஒன்று போய்விடுவது, மறுநாள் பயந்துகொண்டே வேலைக்கு வரும் மற்றவர்கள்...

மாலையில் அந்தப் பையன், தன் பெயர் எழுதிய பூட்டு ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தான்.