கியூவில நிண்ட கான்

போன கிழமை இரவு அந்தக் கிரேக்கப் படத்தை ஒரு மாதிரித் தேடிப் பிடிச்சுப் பார்த்தனான், அடல்ட்ஸ் இன் த ரூம், கொஸ்தா கவ்ராஸ் 2019ல எடுத்தது. யானிஸ் வரூஃபாகிஸ் எழுதின புத்தகந்தான் படமாகியிருக்கு. மனுசன் 2015 தையில இருந்து ஆடி வரைக்கும் கிரேக்கத்தின்ர நிதி அமைச்சர், ஆறு மாசங்கூட இல்லை, ஆனா அந்தக் கொஞ்ச நாளில நாட்டின்ர கடனுக்காக நடந்த இழுபறிதான் தடிச்ச புத்தகமா வந்திருக்கு.

யூரோ நாடுகளின்ர நிதி அமைச்சர்மார் கூடிக் கதைக்கிறதை ஒழுங்காப் பதிஞ்சு வைக்கிறேல்லை எண்டு இவர் தன்ர போனிலேயே ரெக்கோட் பண்ணி வச்சவராம், அதால ஆர் என்ன சொன்னவை எண்டு வரிக்கு வரி எழுத முடிஞ்சிருக்கு. படம் எடுக்கிற ஆளுக்கு அது வரம். ஆனா கோட்டுப் போட்ட ஆக்கள் கதிரையில இருந்து வட்டி, தவணை எண்டு கதைக்கிறதை ரெண்டு மணித்தியாலம் எப்பிடிப் பார்க்கிறது? கவ்ராஸ் முகங்களையும் கதவுகளையும் நம்பியிருக்கிறார், கடைசியில பேச்சையே விட்டிட்டுப் பிரதமரைச் சுத்தி மற்றத் தலைவர்மார் ஆடி ஆடி வளைக்கிற மாதிரிக் காட்டினார் பாருங்கோ, எனக்கு அதில நெஞ்சு அடைச்சுப் போச்சு. ஆடி 5 வாக்கெடுப்பில கடன் குடுத்தவையின்ர நிபந்தனைகள் வேண்டாம் எண்டு 61 வீதம் சனம் போட்டது, எட்டு நாளில அரசாங்கம் ஓம் எண்டிட்டுது, அதை வசனத்தில சொல்லியிருந்தா இப்பிடித் தைச்சிராது.

எண்டாலும் எனக்கு வெளியில நிண்ட சனத்தை இன்னும் பார்க்கோணும் போல இருந்தது. பாங்குகளைப் பூட்டி, ஏடிஎம்மில ஒரு நாளைக்கு 60 யூரோதான் எண்ட நேரம், அந்த வாசலில நிண்ட கிழவி ஆரோட என்ன கதைச்சிருப்பா?

எங்கட கதையை ஆரும் எடுத்தா அங்க இருந்துதான் தொடங்கோணும். 2022 சித்திரை 12ம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட ஏலாது எண்டு இலங்கை அரசாங்கம் சொல்லேக்க நானும் சித்தப்பாவும் யாழ்ப்பாணத்துக் குருநகரில மண்ணெண்ணெய் கியூவில நிண்டனாங்கள், ஆக்கள் வெயிலுக்கு ஒதுங்கி நிக்க எண்ணெய்க் கான்களைத்தான் கயித்தில கோத்து வரிசையா வச்சிருந்தது. எண்ணெய் இல்லாட்டி வள்ளம் இறங்காது, வள்ளம் இறங்காட்டி வீட்டில உலை இல்லை. சித்தப்பா பெரிசாக் கதைக்கேல்லை, "தொண்ணூறுகளில சண்டை நேரம் எண்ணெய்க்குத் தடை போட்டவன் ஆரெண்டாவது தெரியும், இதுக்கு ஆரைப் பேசிறது" எண்டு மட்டும் சொன்னார். சித்தி அண்டைக்கே அந்தத் தடைக் காலத்துப் பழைய ஜாம் போத்தல் விளக்கைத் தேடி எடுத்துத் துடைச்சு வச்சிட்டா, ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்லை.

சர்வதேச நாணய நிதியம், அதுதான் ஐஎம்எஃப், 2023 பங்குனியில குடுக்க ஒத்துக்கொண்ட 2.9 பில்லியன் டொலரையும் படத்தில காட்டத்தான் வேணும், அந்த மேசையையும் காட்டத்தான் வேணும், ஆனா ஒவ்வொருக்காலும் மேசையில இருந்து கமெரா அந்தக் கானுக்குத் திரும்பி வரோணும். எழுதிறதுக்கு ஆரும் இருந்தா சொல்லுங்கோ, நான் வாறன். நீலப் பெயின்றில 214 எண்டு எழுதின எங்கட கான் இப்பவும் கிணத்தடியில கிடக்கு.