கல்லு கரையுதான்னு மட்டும் பாக்காதீங்க, கிட்னியையும் பாருங்க

வலி நின்னுடுச்சுன்னா கல்லு வெளிய போயிடுச்சுன்னு அர்த்தம் கிடையாது. இத யாராவது எனக்கு முன்னாடியே சொல்லியிருந்தா ரெண்டு மாசம் சும்மா இருந்திருக்க மாட்டேன். இடது பக்கம் 6 மில்லிமீட்டர் கல்லு, கிட்னிலேர்ந்து இறங்கி குழாய்ல நிக்குதுன்னு ஸ்கேன்ல வந்துச்சு, மாத்திரை எழுதி குடுத்து ரெண்டு வாரம் கழிச்சு திரும்ப ஸ்கேன் எடுக்க சொன்னாங்க, நான் அதோட சிறுபீளையும் நெருஞ்சிலும் போட்டு கஷாயம் வச்சு குடிச்சேன், நாலாவது நாள் வலி சுத்தமா போயிடுச்சு. கல்லு கரைஞ்சிடுச்சுன்னு நானே முடிவு பண்ணி அந்த ஸ்கேனுக்கு போகவே இல்ல. ரெண்டு மாசம் கழிச்சு வேற எதுக்கோ வயித்துல ஸ்கேன் எடுத்தப்போ பாத்தா கல்லு கொஞ்சம் கீழ நகர்ந்து அங்கயே மாட்டிக்கிட்டு இருக்கு, மேல கிட்னி நீர் கோத்து வீங்கிப்போய் கெடக்கு. அடைப்பு அப்படியே இருந்தா கொஞ்ச நாள்ல அந்த கிட்னிக்கு வர்ற ரத்தம் கொறஞ்சு, உள்ள அழுத்தமும் கொறஞ்சு, வலி தானா அடங்கிடும்னு டாக்டர் அப்பதான் வெவரமா சொன்னாரு. குழாய் வழியா உள்ள போய் கல்ல உடைச்சு எடுத்து, ஸ்டென்ட்னு மூத்திரம் இறங்குறதுக்கு ஒரு மெல்லிசான குழல் வச்சு, அப்புறம் அத எடுத்து, எல்லாம் முடிய ஒன்றரை மாசம் ஆச்சு.

கஷாயத்த குத்தம் சொல்றதுக்காக இத எழுதல. மூலிகை மேல எனக்கு நம்பிக்கை அப்பவும் இருந்துச்சு, இப்பவும் இருக்கு. ஆனா நான் அதுகிட்ட கேட்டது தப்பான வேலை. "கல்ல கரைச்சு குடு"ன்னு கேட்டேன். அதுங்களுக்கு நல்லா வர்ற வேலை வேற.

எடுத்த கல்லுல ஒரு துண்ட சின்ன டப்பால போட்டு குடுத்தாங்க. பழுப்பு கலர்ல, சுத்திலும் கூர் கூரா, அச்சு அசல் நெருஞ்சி முள்ளு மாதிரியே இருந்துச்சு. டெஸ்ட்டுக்கு அனுப்பினதுல கால்சியம் ஆக்சலேட்னு வந்துச்சு, அதாவது கால்சியமும் ஆக்சலேட்டுங்கிற பொருளும் சேந்து உருவான கல்லு. கிட்னி கல்லுல பத்துல ஏழெட்டு இந்த வகைதான். மீதில யூரிக் ஆசிட் கல்லு, கிருமி தொத்தால வர்ற கல்லு, ரொம்ப அபூர்வமா சிஸ்டின் கல்லு.

இந்த ஆக்சலேட் கல்லா சேர்றதுக்கு முன்னாடியே, கண்ணுக்கு தெரியாத படிகமா இருக்கும்போதே வேலைய காட்ட ஆரம்பிச்சிடும். கிட்னிக்குள்ள மூத்திரம் ஓடுற மெல்லிசான குழல்கள் இருக்குல்ல, அதோட உள்சுவர் செல்லுங்கள ஆக்சலேட்டும் படிகமும் காயப்படுத்தும், காயம் பட்ட எடத்துல அடுத்த படிகம் வந்து இன்னும் ஈசியா ஒட்டும், ஒட்டுனது திரும்ப காயம் பண்ணும், இப்படியே சுத்திச் சுத்தி வரும். நல்லா வழுவழுன்னு இருக்குற சுவர்ல படிகம் நிக்காது, மூத்திரத்தோட அடிச்சுக்கிட்டு போயிடும். அதனால கல்லு வந்த ஒருத்தருக்கு திரும்ப வராம இருக்கணும்னா அந்த சுவரு நல்லா இருக்கணும். மூலிகைங்க கைகொடுக்குறது இந்த எடத்துலதான்னு நான் நினைக்கிறேன்.

இதுல அதிகமா ஆராய்ச்சி நடந்தது கீழாநெல்லி வகைல. நாம மஞ்சக்காமாலைக்குன்னே வச்சிருக்கோம், ஆனா பிரேசில்ல இதோட நெருங்குன சொந்தத்துக்கு பேரே "கல்லுடைச்சான்"னு அர்த்தம் வர்ற மாதிரிதான் இருக்கு. பேரு அப்படி இருந்தாலும் லேப்ல பாத்தப்போ கல்ல உடைக்கிறத விட வேற ஒண்ணு பண்ணுது, படிகங்கள் ஒண்ணோட ஒண்ணு சேந்து பெருசாகுறத தடுக்குது, கிட்னி செல்லு அந்த படிகத்த உள்ள இழுத்துக்கிறதையும் கொறைக்குது. மனுஷங்க கிட்டயும் சின்ன சின்ன ஆராய்ச்சி நடந்திருக்கு. மூத்திரத்துல கால்சியம் அதிகமா போறவங்களுக்கு அது கொறஞ்சிருக்கு, ஷாக் வேவ் வச்சு கல்ல உடைச்சதுக்கப்புறம் குடுத்து பாத்ததுல கிட்னியோட அடிப்பகுதில தங்குற துகள் கழியுறதுக்கு உதவியிருக்கு. செடிய அடையாளம் பாக்குறது லேசு, இலைக்காம்ப திருப்பி பாத்தா அடிப்பக்கம் வரிசையா குட்டி குட்டி நெல்லிக்கா தொங்கும்.

சிறுபீளை, நெருஞ்சில், மாவிலங்கப்பட்டை, மூக்கிரட்டை இந்த நாலுக்கும் ஆதாரம் பெரும்பாலும் எலிங்க கிட்ட பண்ணதுதான். கார் ரேடியேட்டர் கூலன்ட்ல இருக்குமே எத்திலீன் கிளைக்கால், அத தண்ணில கலந்து 28 நாள் எலிக்கு குடுப்பாங்க, ஒடம்புக்குள்ள அது ஆக்சலேட்டா மாறி கிட்னில படிகம் சேரும். கூடவே மூலிகையும் குடுத்த எலிங்களுக்கு படிகம் கம்மியா சேந்துச்சு, கிட்னி செல்லுல சேதமும் கம்மி. மாவிலங்கப்பட்டைல இருக்குற லூபியால்ங்கிற பொருள தனியா பிரிச்சும் பாத்திருக்காங்க, அதுவும் இந்த ஆக்சலேட் காயத்த கொறைக்குது. எலிக்கு நடந்தது நமக்கும் அப்படியே நடக்கும்னு சொல்ல முடியாது, ஆனா சித்த மருத்துவத்துல கல்லடைப்பு, நீரடைப்புன்னு சொல்லி இதே செடிங்கள குடுத்துட்டு வர்றாங்கங்கிறதையும் சேத்து பாத்தா என்னால ஒதுக்கித் தள்ள முடியல.

நெருஞ்சில்ல ரெண்டு இருக்கு, கொழப்பிக்காதீங்க. தரையோட படந்து மஞ்சப்பூ பூத்து கால்ல குத்துமே அது சிறுநெருஞ்சில். யானை நெருஞ்சில் சதைப்பிடிப்பான இலையோட கொஞ்சம் நிமிந்து வளரும், அதோட இலைய ஒரு சொம்பு தண்ணில போட்டு ரெண்டு நிமிஷம் சுத்துனா தண்ணி முட்டை வெள்ளைக்கரு மாதிரி குழகுழன்னு ஆயிடும், கைல எடுத்தா நூலா இறங்கும். மொதத் தடவ பாத்தப்போ அந்த சொம்ப விட்டு எனக்கு கண்ண எடுக்க முடியல. நீர்க்கடுப்புக்கு அந்தத் தண்ணிய அப்படியே குடிப்பாங்க.

ரணகள்ளி பத்தியும் நெறைய பேரு கேக்குறாங்க, தினம் ஒரு இலை மென்னு தின்னா கல்லு போயிடும்னு ஒரு பேச்சு சுத்துது. அதுல இதயத்த பாதிக்கிற பொருளும் இருக்கு, மாடு நெறைய மேய்ஞ்சா செத்தே போகும். நான் தொடுறதில்ல. வாழைத்தண்டு நல்லதுதான், ஆனா பொட்டாசியம் உள்ளது, கிட்னி ஏற்கனவே பழுதாகி ரத்தத்துல கிரியேட்டினின்ங்கிற கழிவு ஏறி இருக்குறவங்க தண்டு சாறு டம்ளர் டம்ளரா குடிச்சா ரத்தத்துல பொட்டாசியம் ஏறி இதயத்துடிப்பே தடுமாறும். அவங்க டாக்டர கேக்காம எந்த மூலிகையும் எடுக்கக்கூடாது, கர்ப்பமா இருக்குறவங்களும் அப்படித்தான்.

மூலிகைன்னாலே கிட்னிக்கு ஒண்ணும் பண்ணாதுன்னு நம்புறவங்களுக்கு ஒரு விஷயம். பெல்ஜியத்துல ஒடம்பு எளைக்கிறதுக்காக சைனீஸ் மூலிகை மாத்திரை சாப்பிட்ட பொண்ணுங்களுக்கு வரிசையா கிட்னி செயலிழந்தது 1993ல வெளிய வந்துச்சு, கடைசில நூறு பேருக்கு மேல பாதிக்கப்பட்டாங்க. காரணம் அரிஸ்டோலோக்கிக் ஆசிட். நம்ம ஆடுதீண்டாப்பாளையும் அதே குடும்பம், அதுலயும் அந்த ஆசிட் இருக்கு. என்னென்ன கலந்திருக்குன்னே சொல்லாத கல்லடைப்பு பொடிய வாங்கி குடிக்காதீங்க, கெஞ்சி கேக்குறேன். புளிச்சக்காய் எனப்படுற பிலிம்பி பழம், நட்சத்திரப்பழம் ரெண்டையும் ஜூஸ் போட்டு நெறைய குடிச்சு, அதுல இருக்குற ஆக்சலேட்டாலயே கிட்னி ஃபெயிலியர் ஆனவங்க உண்டு.

இவ்ளோ செடி பேசிட்டு தண்ணிய சொல்லாம விட்டா பாவம். ஒரு நாளைக்கு ரெண்டரை லிட்டர் மூத்திரம் போகணும், குடிக்கிற தண்ணிய விட்டுட்டு போற மூத்திரத்த அளந்தாதான் நெசம் தெரியும். நான் ஒரு வாரம் அளவு ஜக்குல அளந்து பாத்தேன், நெறைய குடிக்கிறேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன், ஒண்ணேகால் லிட்டர தாண்டல. கஷாயம் குடிச்சவங்களுக்கு கெடைக்கிற நன்மைல ஒரு பங்கு அதோட உள்ள போற தண்ணியால வர்றதுதான். உப்ப கொறைங்க. எலுமிச்சைல இருக்குற சிட்ரேட் கால்சியத்த புடிச்சு வச்சுக்கும், அதனால உப்பு சக்கரை போடாம எலுமிச்சை தண்ணி நல்லது. பால் தயிர நிறுத்தாதீங்க, சாப்பாட்டோட போற கால்சியம் குடல்லயே ஆக்சலேட்ட கட்டி மலத்தோட அனுப்பிடும். 2002ல இத்தாலிலேர்ந்து வந்த ஆராய்ச்சில 120 ஆம்பளைங்கள 5 வருஷம் பாத்தாங்க, கால்சியத்த கொறைச்சவங்களுக்குத்தான் கல்லு அதிகமா திரும்ப வந்துச்சு.

கல்லு இருக்கும்போது குளிர் காய்ச்சல் வந்தா, மூத்திரம் நின்னு போனா, ஒத்த கிட்னியோட இருக்குறவங்களுக்கு வலி வந்தா கஷாயம் கொதிக்கிற வரைக்கும் கூட காத்திருக்காதீங்க, ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. அடைப்போட கிருமியும் சேந்தா சில மணி நேரத்துலயே உயிருக்கு ஆபத்து.

இப்ப நான் சித்த மருத்துவர் ஒருத்தர்கிட்டயும் காட்டிட்டுதான் எடுக்குறேன், கல்லு ரிப்போர்ட், கிரியேட்டினின், ஸ்கேன் எல்லாத்தையும் அவர் முன்னாடி வச்சேன். சிறுபீளையும் நெருஞ்சிலும் ஒண்ணா இடிச்சு, நாலு டம்ளர் தண்ணி ஒரு டம்ளரா வத்துற வரைக்கும் காய்ச்சி, காலைல வெறும் வயித்துல, அவர் சொன்ன நாள் கணக்குக்கு மட்டும். எடது கிட்னி வீக்கம் வடிஞ்சிடுச்சு. அடுத்த ஸ்கேன் வர்ற மாசம், வலி இருந்தாலும் இல்லைன்னாலும் போயிடுவேன்.