பெங்களூருக்குக் குடும்பத்தோடு வருகிறவர்கள் எந்த ஏரியாவில் வீடு பார்ப்பது?

பெங்களூரில் வேலை கிடைத்ததும் பெரும்பாலோர் அலுவலகத்தை மையமாக வைத்துத்தான் வீடு தேடுகிறார்கள். தனி ஆளுக்கு அது சரி. பள்ளிக்குப் போகும் பிள்ளை இருந்தால் முதலில் பள்ளி, அடுத்தது தண்ணீர், அதற்குப் பிறகுதான் அலுவலகம். பெரியவர்கள் மெட்ரோவில் முக்கால் மணி நேரம் நின்றுகொண்டே போய்விடலாம். ஆறு வயதுப் பிள்ளையை அவுட்டர் ரிங் ரோடு நெரிசலில் தினம் இரண்டு வேளை வேனில் உட்கார வைக்கக் கூடாது. வீட்டுக்கும் பள்ளிக்கும் நான்கு கிலோமீட்டருக்குள் இருக்கட்டும். நடுவில் சில்க் போர்டு, மாரத்தஹள்ளி பாலம், ஹெப்பாள் மேம்பாலம் போன்ற நெரிசல் இடங்கள் எதுவும் குறுக்கிடக் கூடாது.

நல்ல தனியார் பள்ளிகள் பலவற்றில் அடுத்த ஆண்டுச் சேர்க்கை முந்தைய செப்டம்பர், அக்டோபரிலேயே தொடங்கிவிடும். மே மாதம் வந்து கேட்டால் எல்கேஜியிலும் முதல் வகுப்பிலும் இடம் கிடைப்பது கடினம். நடு வகுப்புகளில் யாராவது மாற்றலாகிப் போனால் காலியாகும், விசாரித்துக்கொண்டே இருக்க வேண்டும். கன்னடத்தையும் மறந்துவிடாதீர்கள். 2015-ஆம் ஆண்டுச் சட்டம் கர்நாடகப் பள்ளிகளில் கன்னடத்தைக் கட்டாயப் பாடமாக்கியது. சின்னப் பிள்ளைகள் விளையாட்டுத் தோழர்களிடமிருந்தே பிடித்துக்கொள்வார்கள். ஏழு, எட்டாம் வகுப்பில் வருகிற பிள்ளை எழுத்திலிருந்து தொடங்க வேண்டும், அதற்குப் பள்ளியில் என்ன ஏற்பாடு என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். சிபிஎஸ்இயில் பொதுத்தேர்வுக்கான பதிவு ஒன்பதாம் வகுப்பிலேயே நடந்துவிடுவதால், மாற்றுவதானால் ஒன்பதுக்கு முன்பு அல்லது பத்து முடித்த பிறகு மாற்றுவதே பிள்ளைக்கு நல்லது.

ஒயிட்ஃபீல்டில் வேலை என்றால் ஒயிட்ஃபீல்டிலேயே இருக்க வேண்டும் என்பதில்லை. 2023 அக்டோபரிலிருந்து ஒயிட்ஃபீல்டுக்குப் போகும் மெட்ரோவின் பர்ப்பிள் லைன் முழுவதுமாக ஓடுகிறது. அல்சூர், இந்திராநகர், ஜீவன் பீமா நகர், சி.வி.ராமன் நகர் என்று தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கிற பகுதிகள் அந்தத் தடத்திலோ பக்கத்திலோதான் இருக்கின்றன. தமிழ்ச் சங்கமும் அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில்தான். எலக்ட்ரானிக் சிட்டிக்கு 2025 ஆகஸ்ட்டில் யெல்லோ லைன் வந்துவிட்டது, அதனால் ஜெயநகரிலோ பி.டி.எம். லேஅவுட்டிலோ இருந்துகொண்டு போய் வரலாம். பிள்ளை தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்திலேயே தொடர வேண்டும் என்பவர்கள் ஓசூரில் குடியிருந்து வேலைக்கு வருவதும் உண்டு. மான்யதா டெக் பார்க் என்றால் கம்மனஹள்ளி, எச்.பி.ஆர். லேஅவுட், ஃப்ரேசர் டவுன் பக்கம் பாருங்கள். பெல்லந்தூர் வேலைதான் சிக்கல். அங்கே மெட்ரோ கட்டுமானம் முடியும்வரை பள்ளியும் வீடும் அவுட்டர் ரிங் ரோட்டின் ஒரே பக்கத்தில் அமைவதுதான் முக்கியம்.

இனி தண்ணீர். வீடு பார்க்கும்போது புரோக்கர் “காவிரி இருக்கு சார்” என்பார். அதோடு விட்டுவிடாதீர்கள். பழைய பகுதிகளில் காவிரி பல காலமாக இருக்கிறது, ஆனாலும் பல தெருக்களில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சில மணி நேரம்தான் வரும், அது சம்ப்பில் நிறைந்தால்தான் மற்ற நேரத்துக்கு ஆகும். 2007-இல் மாநகராட்சியோடு சேர்ந்த 110 கிராமப் பகுதிகள் போர்வெல் தண்ணீரையும் டேங்கரையும் நம்பி இருந்தவை. 2024 கோடையில் போர்வெல்கள் வற்றியபோது அதிகம் தவித்ததும் இந்த வெளிப்புறப் பகுதிகள்தான். அந்த ஆண்டு அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கப்பட்டு, நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கொண்டுவர வழி ஏற்பட்டது. ஆனால் ரோட்டில் குழாய் வந்துவிட்டது என்பது வேறு, அந்த அபார்ட்மென்ட் பணம் கட்டி இணைப்பு வாங்கியிருக்கிறது என்பது வேறு. ஆகவே கடைசியாக வந்த குடிநீர் வாரிய பில்லைக் காட்டச் சொல்லுங்கள்.

ஒரு கணக்கு கையில் இருக்கட்டும். நகரக் குடிநீர்த் திட்டங்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று வைப்பார்கள். நான்கு பேருக்கு 540 லிட்டர். 6,000 லிட்டர் டேங்கர் ஒரு குடும்பத்துக்குப் பதினோரு நாள் வரும். 40 வீடு உள்ள அபார்ட்மென்டுக்கு தினமும் 21,600 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் டேங்கர் கிட்டத்தட்ட இரண்டு. முழுக்க டேங்கரை நம்பிய கட்டடத்தில் மார்ச், ஏப்ரலில் மெயின்டனன்ஸ் எவ்வளவு ஏறுகிறது என்று அங்கே ஏற்கெனவே குடியிருப்பவரிடம் கேளுங்கள், ஓனரிடம் கேட்டுப் பயனில்லை. பாத்ரூம் குழாயில் வெள்ளைப் படிவு கெட்டியாக இருந்தால் உப்புத் தண்ணீர். கீசர் காயில் சீக்கிரம் போகும், வாஷிங் மெஷினும் பாதிக்கும்.

தண்ணீர் இல்லாத ஏரியாவே மழைக்காலத்தில் தண்ணீரில் மிதக்கவும் கூடும். ஏரிகளை ஒன்றோடொன்று இணைத்த ராஜகால்வாய்கள் குறுகியும் ஆக்கிரமிக்கப்பட்டும் போனதுதான் காரணம். 2022 செப்டம்பரில் எமலூர், சர்ஜாபூர் ரோடு பகுதிகளில் படகிலும் டிராக்டரிலும் ஆட்களை வெளியே கொண்டுவந்தார்கள். காம்பவுண்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கறை தெரிகிறதா, பேஸ்மென்டில் பம்பு எதற்காக வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். வீட்டை ஞாயிற்றுக்கிழமை பார்த்து முடிவு செய்யாதீர்கள். வேலை நாளில் காலை எட்டுக்கும் மாலை ஆறரைக்கும் அதே தெருவில் போய் நின்றால் நெரிசல் எப்படி என்று தெரிந்துவிடும்.

ஊருக்குப் போகும் வழியையும் சேர்த்து யோசியுங்கள். சேலம், மதுரைப் பக்கத்தவர்களுக்கு ஓசூர் ரோடும், சென்னை, வேலூர்ப் பக்கத்தவர்களுக்கு கே.ஆர்.புரம், கண்டோன்மென்ட் ரயில் நிலையங்களும் வசதி. அப்பா அம்மா அடிக்கடி வந்து போவார்கள் என்றால் இது பெரிய விஷயம்.

அட்வான்ஸ் முன்பு பத்து மாத வாடகை கேட்பார்கள், இப்போது பல இடங்களில் ஐந்தாறு மாதத்துக்குப் பேசலாம். காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடிப்பது வழக்கம், அதை 11 மாத அக்ரிமென்டிலேயே தொகையாக எழுதிவிடுங்கள். வாடகை இல்லாமல் பெரிய தொகை கொடுத்து லீசுக்குப் போவதானால் வில்லங்கச் சான்று எடுத்து, அந்த வீட்டின் மேல் வங்கிக் கடன் இருக்கிறதா என்று விசாரியுங்கள். கடன் கட்டாமல் வங்கி வீட்டை எடுத்துக்கொண்டால் கொடுத்த பணத்தைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு. மின் இணைப்பில் பழைய குடித்தனக்காரரின் கிருஹ ஜோதி (கர்நாடக அரசின் இலவச மின்சாரத் திட்டம்) பதிவு நீக்கப்பட்டிருக்கிறதா என்றும் சாவி வாங்கும் அன்றே கேட்டுவிடுங்கள், நீக்காமல் உங்கள் பெயரில் பதிய முடியாது.