கட்டிலுக்கு அடியில் ஒரு துறைமுகம்

கடலுக்கும் எனக்கும் பெரிய பழக்கம் இல்லை. இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். கொழும்புக்குப் போனால் காலிமுகத்திடலில் இஸ்ஸோ வடையோடு பத்து நிமிடம் பார்ப்பேன், அவ்வளவுதான். அப்படிப்பட்ட எனக்குக் கிடைத்த வேலை, மன்னார்த் தீவின் முனையில் இருக்கும் தலைமன்னாரின் கப்பல் வரலாற்றுக்குப் பொருள் சேர்ப்பது. அதையும் மலையில் இருந்துகொண்டே.

திட்டத்துக்காரர்கள் முதலில் அனுப்பிய பட்டியலில் இறங்குதுறை, கலங்கரை விளக்கம், தண்டவாளம் எல்லாம் இருந்தன. பயணிகள் இல்லை. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே இல்லாமல் போனது. அப்புறம் ராமேஸ்வரத்தில் இருந்து ஓடிய ‘ராமானுஜம்’ கப்பலும் 1984இல் நின்றது. போரில் ரயில் பாதையும் போய், 2015இல்தான் கோச்சி, அதாவது ரயில், மறுபடி தலைமன்னார் பியர் வரை ஓடியது. இத்தனைக்குப் பிறகு கரையில் மிஞ்சியது துருப்பிடித்த இரும்பு. சரி, அந்தக் கப்பலில் ஏறி இறங்கியவர்கள் எங்கே? அதில் ஒரு பெரிய கூட்டம், தோட்ட வேலைக்கு வந்தவர்கள், இங்கே, லயத்துக் காம்பராக்களில்: தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டு அறைகளில்.

கப்பலுக்கு முந்திய காலத்தில் தொண்டி, தேவிபட்டினம் பக்கம் தோணி ஏறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரைக்கும் நடந்தே வந்தார்கள். வழியில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. பிறகு வந்தவர்களை மண்டபம் காம்ப்பில் தடுத்து வைத்து, நோய் நொடி பார்த்துக் கப்பல் ஏற்றினார்கள். (அதே காம்ப்தான் பின்னாளில் இலங்கை அகதிகளுக்கு முகாமானது. இதைப் பாட்டிமாரிடம் சொன்னால் சிரிக்கிறார்கள்.) 2023இல் எங்கள் முன்னோர் வந்த 200 ஆண்டு நினைவாகத் தலைமன்னாரில் இருந்து மாத்தளைக்கு நடந்தபோதுதான், அந்தக் கரையை முதன்முதலாகப் பார்த்தவர்கள் எங்களில் நிறையப் பேர்.

ஆக, தேட வேண்டியது கட்டிலுக்கு அடியில் இருக்கும் தகரப் பெட்டிகளில். பெட்டியில் என்ன இருக்கும்? கப்பல் டிக்கெட், பேர்ப்பதிவுத் துண்டு, ஊரில் இருந்து வந்த கடிதம், தோட்டத்துச் சம்பளச் சீட்டு. இவ்வளவு காகிதத்தை ஏன் எறியாமல் வைத்திருக்கிறார்கள் என்று ஆரம்பத்தில் ஆச்சரியப்பட்டேன். பாசம் என்று நினைத்தது என் அறியாமை. பயம். 1948இல் எங்கள் தோட்டத்துச் சனத்துக்கு இலங்கைக் குடியுரிமை போனது. அடுத்த வருடம் வந்த சட்டம், 1946 ஜனவரி 1க்கு முன்பு தொடர்ந்து இங்கே இருந்ததைக் காட்டச் சொன்னது: கல்யாணம் ஆனவர்களுக்கு ஏழு வருடம், ஆகாதவர்களுக்குப் பத்து. காம்பராவில் பிறந்து வளர்ந்தவர்கள் அதை எதை வைத்துக் காட்டுவார்கள்? கிடைத்த துண்டு துணுக்கையெல்லாம் மடித்துப் பெட்டியில் வைத்தார்கள். 2003இல் குடியுரிமை கொடுக்கும் சட்டம் வந்து எல்லாம் சரியான பிறகும் பெட்டியைத் திறந்து காலி பண்ணவில்லை.

இது புரியாமல் போனதால் முதல் மாதம் ஒருவரும் எதையும் தரவில்லை. “பார்த்துட்டுத் தாரேன் பாட்டி” என்று ஒரு வீட்டில் கேட்டபோது பாட்டி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அப்படித்தான் தம்பி ஒரு கணக்கப்பிள்ளை வாங்கிட்டுப் போனாரு. எங்கப்பா சாகுற வரைக்கும் வரல. ரசீது எழுதிக் குடுங்க.”

ரசீதுப் புத்தகம் எங்களிடம் இல்லை. கொப்பித் தாள் ஒன்றைக் கிழித்து, கடிதம் இரண்டு, டிக்கெட் ஒன்று, போட்டோ ஒன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அன்றைக்கே முடிவெடுத்தேன்: அசல் எதையும் இனி வாங்குவதில்லை. ஸ்கேனரைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கே போக வேண்டியது. கரண்ட் இருந்தால் வேலை, இல்லாவிட்டால் தேத்தண்ணி.

கடற்கரையில் பழம்பொருளுக்கு எதிரி உப்பு என்றார்கள். இங்கே எதிரி ஈரம். ஆடி மாதம் மூடுபனி காம்பராவுக்குள்ளேயே வந்து உட்காரும். கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும் போட்டோ கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். அதைப் பிரிக்கக் கூடாது, கண்ணாடியோடு சேர்த்தே படம் எடுக்க வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, பிரித்துத்தான் கற்றுக்கொண்டேன்.

பிரித்தது ரசீது கேட்ட பாட்டியின் படம். பாட்டியும் தங்கச்சியும் ஸ்டூடியோவில் எடுத்தது. எங்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப 1964இல் இரண்டு நாடுகளும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி தங்கச்சி குடும்பம் இந்தியாவுக்குப் போவதற்கு முந்திய வாரம். அந்த நாட்களில் தலைமன்னாருக்குப் போன ரயிலை இங்கே ‘அழுகைக் கோச்சி’ என்றுதான் சொன்னார்கள். நான் ஓரத்தில் நகத்தை வைத்து மெதுவாக இழுத்தேன். தங்கச்சியின் தோளும், காலடியில் இருந்த பெட்டியின் பாதியும் கண்ணாடியிலேயே தங்கிவிட்டன. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கொண்டுபோய்க் கொடுத்தபோது பாட்டி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பரவாயில்ல. மொகம் இருக்குல்ல.”

அப்புறம் நான் கொடுத்த ரசீதை முந்தானையில் இருந்து எடுத்து, உருப்படிகளை ஒவ்வொன்றாக எண்ணச் சொன்னார்.

பட்டியல் எழுதும்போது இன்னொரு இழுபறி. ‘இடம்’ என்று ஒரு கட்டம். நான் தோட்டம், டிவிஷன், லயத்து இலக்கம் எழுதி அனுப்பினேன். இது தலைமன்னார் வரலாறு, தலைமன்னார் என்றே போடுங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். டிக்கெட் கிழிக்கப்பட்டது அங்கே, அறுபது எழுபது வருடம் பத்திரமாக இருந்தது இங்கே. மூன்று தடவை போய் வந்த பிறகு இரண்டு கட்டம் போட ஒத்துக்கொண்டார்கள். இரண்டாவது கட்டம் கொஞ்சம் ஒடுக்கமாகத்தான் இருக்கிறது. லயத்து இலக்கம் உள்ளே அடங்க எழுத்தைச் சின்னதாக்க வேண்டியிருக்கிறது.

போன மாதம்தான் தலைமன்னாருக்குப் போய் வந்தேன். திரும்பி வந்ததும் பாட்டி கேட்ட முதல் கேள்வி, தண்ணி ஆழமா என்பது. அவர் அந்தக் கடலைப் பார்த்ததே இல்லை. கடந்து வந்தது அவருடைய அப்பா, கடந்து போனது தங்கச்சி. மணல் திட்டுப் பக்கம் ஆழமே இல்லை பாட்டி, என்றேன்.

“அப்ப நடந்தே வந்திருக்கலாமே அவ” என்றார்.