‘டிஸீஸ்’: ஓர் ஆங்கில வகுப்பின் நினைவு

எங்கள் கல்லூரியில் மேல் வகுப்புகளுக்கு ஆங்கில இலக்கியம் படிப்பித்த ஆசிரியர், எந்தச் சொல்லையும் அதன் பழைய பொருளோடு சேர்த்தே அறிமுகப்படுத்துவார். அவரிடம் கற்றவற்றுள் இன்றும் என் மனத்தை விட்டு அகலாதது ‘டிஸீஸ்’ என்ற சொல்லின் வரலாறு. இன்று நோயை மட்டுமே குறிக்கும் அச்சொல், ஒரு காலத்தில் பிறருக்கு இடைஞ்சல் கொடுப்பதைக் குறிக்கும் வினைச்சொல்லாகவும் வழங்கியது.

பழைய பிரெஞ்சு மொழியில் சௌகரியத்தைக் குறித்த சொல்லுக்கு முன் ஓர் எதிர்மறை ஒட்டு சேர்ந்து பிறந்த சொல் அது. பதினான்காம் நூற்றாண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பான விக்ளிஃப் விவிலியத்தில், ‘உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு’ என்று நாம் படிக்கும் யோவான் 16:33இல், உபத்திரவத்துக்கு நேராக நிற்பது இச்சொல்லே.

ஆசிரியர் எங்களை நெடுநேரம் நிறுத்திவைத்தது வில்லியம் டின்டேலிடம். ஏர் பிடிக்கும் சிறுவனும் வேதத்தை அறிய வேண்டும் என்று விரும்பி, 1526இல் ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகரில் புதிய ஏற்பாட்டை ஆங்கிலத்தில் அச்சிட்டு, 1536இல் அதற்காக உயிரையும் கொடுத்த அம்மனிதருடைய மொழிபெயர்ப்பில், யவீருவின் மகள் இறந்துவிட்டாள் என்ற செய்தியோடு வருகிறவர்கள், இனியும் போதகரை, அதாவது அவர் அழைத்துவரும் இயேசுவை, ஏன் ‘டிஸீஸ்’ செய்கிறீர் என்று அந்தத் தகப்பனிடம் கேட்கிறார்கள். போதகருக்கு நோய் வருவதைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. அவரை வீணாக அலைக்கழிக்க வேண்டாம் என்பதுதான் அவர்கள் சொல்ல வந்தது. அவ்விடத்துக் கிரேக்க வினையின் ஆதிப் பொருள் தோலுரித்தல். அது நாளடைவில் வருத்துதல், தொந்தரவு செய்தல் என்று தணிந்தது. அவ்வாறு தணிந்த பொருளுக்கு, வீட்டுக்கு வருகிறவரின் சௌகரியத்தை நினைக்கும் ஒரு சொல்லை டின்டேல் தேர்ந்தது மிகப் பொருத்தம் என்பதே என் துணிபு.

1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியமான ஜேம்ஸ் மன்னர் பதிப்பில் அவ்விடத்தில் ‘ட்ரபிள்’ வந்து அமர்ந்தது. அதே பதிப்பில் ஆசா அரசனின் கால்களில் வந்த வியாதிக்கு ‘டிஸீஸ்’ நிற்கிறது (2 நாளாகமம் 16:12). இவ்விரண்டு வசனங்களையும் அருகருகே வாசித்துக் காட்டியே ஆசிரியர் அச்சொல்லின் இடப்பெயர்வை எங்களுக்கு விளக்கினார்.

டின்டேலின் 1526ஆம் ஆண்டுப் பதிப்பில் எஞ்சியிருப்பனவாக அறியப்பட்டவை மூன்றே பிரதிகள். அவற்றுள் ஒன்றைப் பிரித்தானிய நூலகம் 1994இல் வாங்கியது. இன்னொன்று தூய பவுல் பேராலயத்துக்கு உரியது. இரண்டும் இலண்டனிலேயே உள்ளன.