வீடு நகரவில்லை, மாவட்டம்தான் நகர்ந்தது

சீட் கிடைத்துவிட்டது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் படிக்கிறவர்களுக்கும் வயிறு கலங்கும். எம்.ஏ. இதழியல், சென்னையில் ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகம், 2023 சேர்க்கை. பெயர் வேண்டாம். அதே கவுண்டரில் இரண்டு வருடம் நின்றாக வேண்டும்.

நுழைவுத் தேர்வு பரவாயில்லை. தினமும் பேப்பர் படிக்கிறவர்கள் பயப்பட ஒன்றுமில்லை. நேர்காணலில் ஊர் ஆற்காடு என்றதும் பாலாற்றுக்குத் தாவினார்கள். தோல் கழிவு வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பைச் சொன்னேன், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற பகுதியையும் சேர்த்து. அப்பா இருபது வருடமாக ராணிப்பேட்டையில் தோல் கம்பெனியில் வேலை பார்க்கிறார், எங்கள் வீட்டில் அது சோறு போடும்போது பேசுகிற விஷயம். பட்டியலில் பெயர் வந்தது. மைக்ரேஷன் சர்டிபிகேட்டும் தொல்லையில்லாமல் கைக்கு வந்தது. (பல்கலைக்கழகம் மாறிப் போகிறவர்கள் ரிசல்ட் வந்த வாரமே அதற்கு எழுதிப் போடுங்கள். பாதிப் பேர் டி.சி. இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள்.)

சான்றிதழ் சரிபார்ப்பு அன்றுதான் சனி பிடித்தது. கிளம்பும்போது அப்பா ஒரு டப்பா மக்கன் பேடாவைக் கையில் திணித்தார். "வெறுங்கையோட போவாத பாப்பா, ஆபீஸ்ல குடு." கொடுக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும், அவரிடம் சொல்லத்தான் தெரியவில்லை.

கவுண்டரில் இருந்தவர் என் கம்யூனிட்டி சர்டிபிகேட்டையும் விண்ணப்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பேனா முனை ஒரு தாளிலிருந்து இன்னொரு தாளுக்குப் போய்ப் போய் வந்தது.

"இதுல வேலூர்னு இருக்கு, அதுல ராணிப்பேட்டைன்னு போட்டிருக்க. எதும்மா உன் மாவட்டம்?"

"ஊர் ஆற்காடு சார். சர்டிபிகேட் 2018-ல வாங்கினது, அப்ப வேலூர் மாவட்டம். இப்ப ராணிப்பேட்டை."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. ரெண்டும் ஒண்ணா இருக்கணும். புதுசா வாங்கிட்டு வா. வெள்ளிக்கிழமை கடைசி."

அன்று செவ்வாய். பூந்தமல்லி தாண்டும்போது டப்பாவைத் திறந்தேன். காஞ்சிபுரம் வருவதற்குள் காலி.

புதன் காலை இ-சேவை மையத்தில் அறுபது ரூபாய் கட்டி விண்ணப்பித்தேன். சாயங்காலமே வி.ஏ.ஓ. போன் செய்தார். "உனக்கு 2018-லயே குடுத்தாச்சேம்மா. சாதிச் சான்றுக்கு ஏது எக்ஸ்பைரி? வருமானச் சான்றா இது?" விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. அவர் சொன்னதில் தப்பே இல்லை. இங்கே பழசே போதும் என்கிறார்கள், அங்கே புதுசுதான் வேண்டும் என்கிறார்கள். நடுவில் நான்.

ராத்திரி அப்பா பீரோவைக் குடைந்து தன்னுடைய பள்ளிக்கூட டி.சி.யை எடுத்தார். மடிப்பில் கிழிந்து, ஓரம் பழுப்பேறி இருந்தது. மாவட்டம் என்ற இடத்தில் 'வட ஆற்காடு'. 1989-ல் அது இரண்டாகி, இந்தப் பக்கம் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம், பிறகு வேலூர், 2019-ல் ராணிப்பேட்டை. அப்பா சிரித்தார். "வூடு அங்கியேதான் கீது. மாவட்டம்தான் நகந்துனு கீது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனால் யோசனை வந்தது. ராணிப்பேட்டை மாவட்டத்தின் அரசு இணையதளத்தில் தேடினேன். 2019 நவம்பர் 28-ல் வேலூரிலிருந்து பிரிக்கப்பட்டது, அப்போது வாலாஜா, ஆற்காடு, நெமிலி, அரக்கோணம் ஆகிய தாலுகாக்கள். மூன்று பக்கம் பிரிண்ட் எடுத்து, தேதிக்குக் கீழேயும் ஆற்காட்டுக்குக் கீழேயும் கோடு போட்டு, மூன்று செட் ஜெராக்ஸ் எடுத்தேன். அப்பாவின் டி.சி.யையும் ஒரு தைரியத்துக்கு ஃபைலில் வைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை ஐந்தரை மணி பஸ். கவுண்டருக்கு முன்னால் போய் நிற்கும்போது பதினொன்றரை. அதே ஆள். பிரிண்டைத் தொடாமலே, "நெட்ல எடுத்ததெல்லாம் செல்லாதும்மா" என்றார்.

இங்கேதான் என் ஒரே ஒரு புத்திசாலித்தனம். கெஞ்சவில்லை. "சரி சார். இந்த கம்யூனிட்டி சர்டிபிகேட் செல்லாதுன்னு ஒரு வரி எழுதி சீல் வெச்சுக் குடுத்துடுங்க. தாலுகா ஆபீஸ்ல காட்டணும்" என்றேன். யாருக்காவது இது பயன்பட்டால் சந்தோஷம்: வாயால் சொல்கிற காரணம் ஆளுக்கு ஆள் மாறும், எழுதச் சொன்னால் நின்றுவிடும். குரலை மட்டும் உயர்த்தக் கூடாது.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தாள்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சூப்பரிண்டெண்ட் அம்மாவின் குரல் வெளியே கேட்டது. "செங்கல்பட்டுப் பசங்க, தென்காசிப் பசங்க எல்லாம் இப்படித்தானேய்யா வர்றாங்க? அந்த வருஷம் அஞ்சு மாவட்டம் புதுசா வந்துதே. சைன் போட்டு அனுப்பு." நான்கு நாள் அலைச்சல் அரை நிமிடத்தில் முடிந்தது. அந்த அம்மாவை முதல் நாளே கேட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை, அது என் தப்பு. விண்ணப்பத்தில் மாவட்டம் கேட்கிற இடத்தில் சர்டிபிகேட்டில் இருப்பதையே போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. அதுவும் என் தப்புதான்.

ஃபீஸ் சலானை வாங்கிக்கொண்டு, ஒரிஜினல்கள் வாங்கியதற்கு ரசீது கேட்டேன் (கேட்டால்தான் தருகிறார்கள்). திரும்பும்போது அவரே கூப்பிட்டார்.

"ஏம்மா, அந்தப் பிரிண்ட் இன்னொரு செட் இருக்கா? வெளியில ஒரு பையன் நிக்கிறான், காலையில திருப்பி அனுப்பினேன்."

வராந்தாவில் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு ஒருவன் நின்றிருந்தான். நாட்றம்பள்ளியாம். "இது ராணிப்பேட்டைக்கு, உனக்குத் திருப்பத்தூர் பக்கம் வேணும். கேட்டுக்கு எதிர்ல கடை இருக்கு, போய் எடுத்துட்டு வா. ஒரு மணிக்கு கவுண்டர் மூடிடுவாங்க" என்றேன். மணி பன்னிரண்டே முக்கால். பையன் ஓடினான்.