கிராண்ட் கேன்யன்ல ஒரு நாள் நடை: ஏறுற நேரத்தை வச்சுத்தான் இறங்கணும்

அக்டோபர் கடைசில நாலு பேரா அரிசோனால இருக்கற கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்குப் போறோம். சௌத் ரிம்ல, அதாவது தெற்கு விளிம்புல இருந்து சௌத் கைபாப் ட்ரெயில்ல இறங்கி, பாதி ஆழத்துல போற டோன்டோ ட்ரெயில்ல குறுக்கால நடந்து, ஓடையும் மரமும் இருக்கற ஹவசுபாய் கார்டன்ஸ் வந்து, அங்கிருந்து பிரைட் ஏஞ்சல் ட்ரெயில்ல மேல ஏறணும், எல்லாம் ஒரே நாள்ல. மொத்தம் 13 மைல் சொச்சம், கிலோமீட்டர்ல 21 வரும். தூரத்தை மட்டும் கேட்டா பெருசா தெரியாது, ஆனா 3,200 அடி இறங்கி அப்புறம் 3,000 அடி ஏறணும், அந்த ஏத்தம் வர்றது மத்தியானத்துக்கு மேல, காலு ஏற்கனவே தளர்ந்த பிறகு.

மலை ஏறப் போனா முடியலன்னா திரும்பிடலாம், திரும்புற வழி இறக்கம்தான். கேன்யன்ல அது அப்படியே தலைகீழ். காலைல குளுகுளுன்னு இருக்கும்போது சும்மா விறுவிறுன்னு இறங்கிடுவோம், மூச்சே வாங்காது, இன்னும் கொஞ்சம் போலாமேன்னுதான் தோணும். போற ஒவ்வொரு அடியையும் திரும்ப ஏறியாகணும்ங்கறது கீழ போன பிறகுதான் உறைக்கும். இறங்க ஆன நேரத்தைப் போல ரெண்டு மடங்கு ஏறுறதுக்கு வச்சுக்கோங்கன்னு பார்க் ரேஞ்சர்கள் சொல்றாங்க. அதனால நான் பிளானையே சாயங்காலத்துல இருந்து பின்னோக்கித்தான் போட்டிருக்கேன்.

கணக்கு இதுதான். அந்த சமயத்துல 6 மணிக்கு முன்னாடியே சூரியன் மறைஞ்சிடும், அதனால 5 மணிக்கெல்லாம் ரிம்ல இருக்கணும். ஹவசுபாய் கார்டன்ஸ்ல இருந்து ரிம் வரைக்கும் 4.5 மைல், அதுக்கு நாலரை மணி நேரம், அப்ப 12:30க்கு அங்கிருந்து கிளம்பியாகணும். அதுக்கு முன்னாடி அங்க ஒரு மணி நேரம் காலை நீட்டி உக்காந்து சாப்பிடணும். டோன்டோல நாலரை மைல் கிட்ட இருக்கு, ரெண்டரை மணி நேரம் போட்டா கைபாப்பும் டோன்டோவும் சேர்ற டிப்ஆஃப்ல இருந்து 9 மணிக்கு நகரணும். அதுவரைக்கும் இறங்க ரெண்டரை மணி நேரம், அப்ப ஆரம்பிக்கறது விடியக்காலம் 6:30, வெளிச்சம் வரும்போதே.

ஏன் கைபாப்ல இறங்கி பிரைட் ஏஞ்சல்ல ஏறணும், மாத்திப் போனா என்னன்னு ஒருத்தர் கேட்டாங்க, நல்ல கேள்வி. கைபாப் ட்ரெயில் மலை முகடு மேலயே போறதால ரெண்டு பக்கமும் பள்ளத்தாக்கு அப்படியே விரிஞ்சு கிடக்கும், அந்தப் பாதைல வர்ற சீடர் ரிட்ஜ்ல நின்னா திரும்பிப் போக மனசு வராது. ஆனா அதே காரணத்தால அந்தப் பாதைல நிழலும் இல்ல, சொட்டுத் தண்ணியும் இல்ல. பிரைட் ஏஞ்சல் பாறை பிளந்த ஒரு பழைய வெடிப்பு வழியா போகுது, அதனால ஊத்து இருக்கு, மரம் இருக்கு, நிழல் இருக்கு, கார்டன்ஸுக்கு மேல ரெண்டு ரெஸ்ட்ஹவுஸ்லயும் சீசன்ல குழாய்த் தண்ணி வரும். களைச்சுப்போய் ஏறும்போது தண்ணி இருக்கற பக்கம்தான் இருக்கணும், இதுல எனக்கு ரெண்டு கருத்தே இல்ல.

கைபாப் பாதை வந்த கதையும் சுவாரஸ்யம். ரால்ஃப் கேமரான்னு ஒரு அரிசோனா அரசியல்வாதி, பிரைட் ஏஞ்சல் பாதைய தன் கைல வச்சுக்கிட்டு இறங்கறவங்ககிட்ட 1 டாலர் சுங்கம் வாங்கிட்டிருந்தாரு. 1919ல நேஷனல் பார்க் ஆன பிறகும் அந்தப் பிரச்சனை தீரல, அதனால பார்க் சர்வீஸ் 1924-25ல தனியா ஒரு பாதையே வெட்டிருச்சு, அதுதான் சௌத் கைபாப். ஹவசுபாய் கார்டன்ஸ் கதைய நினைச்சா எனக்கு வலிக்கும். அந்த ஓடைக்கரைல காலங்காலமா விவசாயம் பண்ணி வாழ்ந்த ஹவசுபாய் பழங்குடி மக்கள 1928ல வெளியேத்திட்டாங்க. அந்த இடத்துக்கு அவங்க பேரை வைக்க 2022 வரைக்கும் ஆச்சு. நாம நிழல்ல உக்காந்து சாப்பிடற இடம் யாரோட தோட்டம்னு தெரிஞ்சு உக்காரணும்.

சரி, எங்க குரூப் சண்டை விஷயத்துக்கு வர்றேன். குரூப்ல ஒருத்தன் ஒத்தக்கால்ல நிக்கறான், "இவ்ளோ தூரம் வந்துட்டு கொலராடோ ஆத்துல கை நனைக்காம திரும்பறதாடா"ன்னு. டிப்ஆஃப்ல இருந்து ஆறு பக்கத்துல மாதிரிதான் தெரியும், ஆனா அது இன்னும் 1,500 அடி கீழ, அதையும் சேர்த்து ஏறணும். ரிம்ல இருந்து ஆத்துக்குப் போய் ஒரே நாள்ல திரும்பாதீங்கன்னு பார்க்ல போர்டே வச்சிருக்காங்க, ரேஞ்சர்கள் தூக்கிட்டு வர்றவங்கள்ல நிறைய பேர் நல்லா ஓடியாடற வயசுப் பசங்கதான். ஆத்தைப் பாக்கணும்னா பேக்கன்ட்ரி பெர்மிட் வாங்கி ராத்திரி கீழ தங்கி வரலாம், அதுக்கு நானே வர்றேன்னு சொல்லிருக்கேன். இந்த ட்ரிப்ல கிடையாது.

வெயில் விஷயம். 1,000 அடி இறங்க இறங்க சுமார் 3 டிகிரி செல்சியஸ் ஏறும். கோடைல ஆத்துப் பக்கம் நிழல்லயே 40 டிகிரி தாண்டும், அப்ப இந்த நடைய நினைச்சே பாக்கக் கூடாது. அக்டோபர் கடைசில மேல விடியக்காலம் கிட்டத்தட்ட உறையற குளிர், டோன்டோல பதினோரு மணிக்கு டி-ஷர்ட். அந்த டோன்டோதான் எனக்குக் கவலை. மேல இருந்து பாத்தா சமதரை மாதிரி இருக்கும், ஆனா ஒவ்வொரு ஓடை வெட்டுக்கும் உள்ள வளைஞ்சு போய் வெளிய வரணும், இடுப்பு உயரப் புதர்தான் ரெண்டு பக்கமும், ஒதுங்க மரம் கிடைக்கறதே அபூர்வம்.

அதனால ஆளுக்கு 4 லிட்டர் தண்ணி முதுகுலயே போகுது. தண்ணி மட்டும் மடக் மடக்குன்னு குடிச்சு உப்பு சாப்பிடாம விட்டா ரத்தத்துல சோடியம் இறங்கிடும், தலைசுத்தல், வாந்தி, குழப்பம்னு பாத்தா வெயில் மயக்கம் மாதிரியே இருக்கும், தெரியாம இன்னும் தண்ணி குடுத்தா ஆபத்து. எலக்ட்ரோலைட் பொடி இருக்கு, அதோட உப்புக் கடலை, ஊறுகாயோட புளியோதரை. இனிப்பு பார் நாலாவது மணி நேரத்துல யாருக்கும் இறங்காது, புளியும் உப்பும் இறங்கும். பையத் திறந்து போட்டுட்டு போட்டோ எடுக்கப் போகாதீங்க, அங்க அணில் பையக் கடிச்சு ஓட்டை போடும், கையையும் கடிக்கும்.

பயிற்சிக்கு ஃபீனிக்ஸ்ல கேமல்பேக் மலை, எக்கோ கேன்யன் பக்கம், காலைல ரெண்டு தடவை ஏறி இறங்கறோம். நான் எல்லாருக்கும் சொல்றது, இறக்கத்தைப் பழகுங்க. கைபாப்ல பாதைக்குக் குறுக்க மரக்கட்டை போட்டு மண்ண நிரப்பிப் படி மாதிரி வச்சிருப்பாங்க, கோவேறு கழுதைங்க நடந்து நடந்து கட்டைக்குப் பின்னாடி மண்ணு குழி விழுந்து கிடக்கும், ஒரு படி கணுக்கால் உயரம், அடுத்தது முழங்கால் கிட்ட, காலடி சீரா விழவே விழாது. தொடையும் முட்டியும் அங்கதான் போகும், அப்புறம் அதே காலோடதான் பிரைட் ஏஞ்சல்ல ஜேக்கப்ஸ் லேடர்ங்கற வளைவுகள ஏறணும். ஊன்றி நடக்கற ஹைக்கிங் குச்சி கட்டாயம். கழுதை வரிசை வந்தா ஓட்டறவர் சொல்ற பக்கம் ஒதுங்கி அசையாம நிக்கணும்.

முடியலன்னா திரும்பற இடம் ஸ்கெலிடன் பாயிண்ட், கைபாப்ல 3 மைல்ல. 8:30க்குள்ள அங்க வரலன்னாலோ, யாராவது ஒருத்தருக்கு முட்டியோ வயிறோ சரியில்லன்னாலோ நாலு பேரும் சேர்ந்து அங்கிருந்தே திரும்பறோம், ஓட்டெடுப்பு கிடையாது. டிப்ஆஃப்ல எமர்ஜென்சி போன் இருக்கு, ஆனா போனை நம்பி இறங்கறதுக்கு இல்ல.

கார் பிரைட் ஏஞ்சல் பக்கம் நிக்கும். கைபாப் ஆரம்பிக்கற யாக்கி பாயிண்ட் பக்கம் சொந்த வண்டி விட மாட்டாங்க, விடியக்காலம் ஹைக்கர்ஸ் எக்ஸ்பிரஸ் பஸ்தான், நேரம் மாசத்துக்கு மாசம் மாறும். முந்தின நாள் சாயங்காலமே ரிம்ல இருக்கற பேக்கன்ட்ரி ஆபீஸ்ல போய் கார்டன்ஸ்ல தண்ணி வருதான்னு கேக்கணும், அந்தப் பைப்லைன் பழசு, அடிக்கடி உடையும். தண்ணி இல்லன்னு சொல்லிட்டா டோன்டோ கட். கைபாப்ல ஸ்கெலிடன் பாயிண்ட் வரைக்கும் போய்ட்டு அதே வழில ஏறிடுவோம், 6 மைல், 2,000 அடி, அதுவே நல்ல நடைதான். ஆத்துக்குப் போகணும்னு நின்னவன்கிட்டயும் இதச் சொல்லியாச்சு, இன்னும் மூஞ்சிய தூக்கி வச்சிருக்கான், ஆனா வர்றேன்னுட்டான்.